கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானே எழ வேண்டும்: தொடக்கக் கோப்பில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் கோவில் மண்டபத்தின் பின்அறையில் ஒரு ரவுட்டர் இருக்கிறது. சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு அதை நம்பித்தான் நடக்கிறது. தைப்பூசக் காவடியன்று கோவிலுக்கு வர முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறார்களே, அந்த நேரலையும் அதன் வழியாகத்தான் போகிறது. 2023இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) கடுமையாக இருந்த மாதங்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. அந்தந்த நேரத்தில் ஒருவர் ஓடிப்போய் லேப்டாப்பைச் செருகி எல்லாவற்றையும் மறுபடி அமைப்பது நடக்காத காரியம். ரவுட்டர் எழும்போதே ஒரு கோப்பைப் படித்துத் தன்னைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்துவைத்த பிறகும் கோளாறுகள் வந்தன. வந்த ஒவ்வொன்றும் எப்படித் தெரிந்தது, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு லோட்ஷெட்டிங் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் மழை, கேபிள் திருட்டு என்று கரண்ட் போவது நிற்கவில்லை. ரவுட்டர் அடிக்கடி விழுந்து எழத்தான் செய்கிறது.

எங்கள் ரவுட்டரில் ஓடுவது ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள். கீழே வரும் வழிகளெல்லாம் அதற்கு உரியவை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பின்னால் வரும் ஆக்ஷன், இன்டர்ஃபேஸ் என்ற மாறிகளும் எஸ்ஏஎஸ்டி, இசட்ஏ என்பவையும் மட்டும் பெரிய எழுத்தில்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. தொடக்கத்தில் படிக்கப்படும் கோப்பு ஒன்றல்ல, நான்கு வகை. ஈடிசி அடைவுக்குள் இருக்கும் கான்ஃபிக் அடைவில் நெட்வொர்க், ஃபயர்வால், வயர்லெஸ் முதலிய கோப்புகள் இருக்கின்றன. அவை ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகள்) அல்ல, வெறும் விவரம். ஒவ்வொரு தடவையும் படிக்கப்படும். இரண்டாவது, யூசிஐ-டிஃபால்ட்ஸ் அடைவு (யூசிஐ என்பது இந்த அமைப்புக் கோப்புகளைக் கையாளும் கட்டளை). அதில் போடும் ஸ்கிரிப்ட் ஒரு தடவை ஓடி, வெற்றியாக முடிந்தால் அழிக்கப்பட்டுவிடும். மூன்றாவது, ஆர்சி.லோக்கல். அது ஒவ்வொரு பூட்டின், அதாவது ரவுட்டர் எழுவதன், கடைசிக் கட்டத்திலும் ஓடும். நான்காவது, ஹாட்பிளக்.டி அடைவு. அதிலுள்ளவை பூட்டின்போது என்று இல்லாமல், ஏதாவது நிகழ்ந்தால் ஓடும்: லைன் மேலே வந்தது, நேரம் சரியானது, யுஎஸ்பி செருகப்பட்டது என்பது போல. இருக்க வேண்டிய இடம் மாறிப் போன ஸ்கிரிப்ட்தான் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

எதைத் திருத்தும் முன்பும், ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, எக்ஸெக் கட்டளையால் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் டிஎம்பி அடைவிலுள்ள ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுவது. மற்றது, செட் கட்டளையோடு கழித்தல் குறியும் எக்ஸும் சேர்த்து எழுதுவது. அப்போது ஓடும் ஒவ்வொரு வரியும் அந்தக் கோப்பில் பதிவாகும். டிஎம்பி என்பது ரேம், அடுத்த தடவை கரண்ட் போனால் அழிந்துவிடும். எனவே ரவுட்டர் எழுந்தவுடனே பாருங்கள். லாக்ரீட் கட்டளை காட்டும் ரவுட்டரின் பதிவும் ரேமில் இருப்பதுதான்.

மாற்றினேன், வேலை செய்தது. கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது

யூசிஐ செட் என்று அடித்தால் மாற்றம் முதலில் ரேமில்தான் நிற்கும். யூசிஐ ஷோ என்று கேட்டால் புது மதிப்பையே காட்டுவதால், சேமித்தாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. யூசிஐ கமிட் அடித்த பிறகுதான் அது ஃபிளாஷுக்கு, அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்துக்கு, போகும். சந்தேகம் இருந்தால் யூசிஐ சேஞ்சஸ் என்று கேளுங்கள். ஏதாவது வரி வந்தால் அது இன்னும் சேமிக்கப்படவில்லை.

கமிட் செய்தும் போய்விடுகிறதென்றால் டிஎஃப் கட்டளையால் ஓவர்லே (உங்கள் மாற்றங்கள் சேமிக்கப்படும் ஃபிளாஷ் பகுதி) எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பழைய சின்ன ரவுட்டர்களில் ஃபிளாஷ் 4 எம்பிதான் இருக்கும். இரண்டு பேக்கேஜ் போட்டாலே மூச்சு முட்டிவிடும். அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு 19.07 பதிப்போடு அதிகாரப்பூர்வ ஆதரவு முடிந்துவிட்டது. அதில் மணிக்கணக்காகப் போராடுவதைவிட வேறு ரவுட்டர் தேடுவதே மேல் என்பது என் கருத்து. ஓவர்லே டிஎம்பிக்குள் ஏற்றப்பட்டிருப்பதாக மவுன்ட் கட்டளை காட்டினால், ஃபிளாஷில் எழுதும் பகுதி தயாராகவில்லை என்று பொருள். புதிதாக ஃபிளாஷ் செய்திருந்தால் சில நிமிடம் பொறுத்து ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள். அப்படியே நீடித்தால் எழுதும் பகுதி கெட்டிருக்கிறது. ஃபர்ஸ்ட்பூட் கட்டளையால் அதை முழுதாக அழித்துத்தான் தொடங்க வேண்டும்.

கோப்பு அங்கேயே இருக்கிறது, ஓடியதாகத் தெரியவில்லை

ஆர்சி.லோக்கல் என்றால் முதலில் கடைசி வரியைப் பாருங்கள். புதிதாக வரும் கோப்பிலேயே எக்ஸிட் 0 என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே எழுதியது எதுவும் ஓடாது. கோப்பின் அடியில் போய்ச் சேர்ப்பது எல்லோருக்கும் பழக்கம், அதனால் இது அடிக்கடி நேர்கிறது.

விண்டோஸ் நோட்பேடில் எழுதி ஏற்றியிருந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடியிருக்கும். ஹெக்ஸ்டம்ப் கட்டளையோடு கழித்தல் குறியும் பெரிய சியும் சேர்த்துக் கோப்பைப் பார்த்தால் வரிமுடிவில் 0ஏ மட்டும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் 0டி இருந்தால் அதுதான் வில்லங்கம். கோப்பின் தொடக்கத்திலேயே ஈஎஃப், பிபி, பிஎஃப் என்று மூன்று பைட் இருந்தால் அதுவும் எடிட்டர் போட்டதுதான் (பிஓஎம் என்பார்கள்), முதல் வரியையே கெடுத்துவிடும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் யூனிக்ஸ் வரிமுடிவும் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8உம் தேர்ந்து மறுபடி சேமியுங்கள்.

முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள். பாஷும் ஆஷும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்கள். ஓப்பன்டபிள்யுஆர்டியில் இயல்பாக இருப்பது ஆஷ். பாஷ் தனியாகப் போட்டால்தான் உண்டு. ஸ்கிரிப்ட்டை நேரடியாக ஓட்டினால், இருக்கும் கோப்பையே இல்லை என்று செய்தி சொல்லும். தேடப்படுவது பாஷ், உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல.

ஒருவருக்கொருவர் ஃபோனில் கட்டளை அனுப்பிக்கொள்கிறோம் அல்லவா? சில ஃபோன் கீபோர்டுகள் நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். இரண்டு கழித்தல் குறியை ஒரு நீளக் கோடாக ஆக்கிவிடும். பார்வைக்கு அழகாக இருக்கும், ஆஷுக்குப் புரியாது. ஃபோனிலிருந்து ஒட்டிய வரிகளை மறுபடி கையால் அடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் ஒரே விதி ஒன்று கூடிக்கொண்டே போகிறது

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் ஆபத்தை உள்ளே வைத்திருக்கும் கோளாறு இது.

நேரலைக் கேமராவுக்காக ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறக்கும் விதியை யூசிஐ-டிஃபால்ட்ஸில் ஒரு ஸ்கிரிப்ட்டாகப் போட்டிருந்தேன். காவடி முடிந்தது, கேமராவைக் கழற்றியாயிற்று, விதியையும் ரவுட்டரின் வலைப்பக்கத்தில் போய் அழித்தேன். சில நாள் கழித்து வெளியிலிருந்து சோதித்தால் அந்தப் போர்ட் திறந்தே இருந்தது. யூசிஐ ஷோ ஃபயர்வால் என்று கேட்டபோது அதே விதி எழுபது தடவைக்கு மேல் வரிசையாக வந்தது. நான் அழித்தது அவற்றில் ஒன்று. மீதி எல்லாம் கதவைத் திறந்தபடியே நின்றன. குழந்தைகள் வகுப்புக்கு உட்காரும் அறையின் நெட்வொர்க் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது இரண்டு தவறுகளின் கூட்டு. முதலாவது, ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி. ஒரு பழைய கோப்பு இருந்தால் அழி என்று சதுர அடைப்புக்குறிச் சோதனையும் அதற்குப் பின் இரண்டு ஆம்பர்சண்டும் வைத்து எழுதியிருந்தேன். அந்தக் கோப்பு இல்லாதபோது சோதனை பொய்யாகும், முழு ஸ்கிரிப்ட்டின் முடிவும் தோல்வி என்று பதிவாகும். யூசிஐ-டிஃபால்ட்ஸ் ஸ்கிரிப்ட் வெற்றியாக முடிந்தால்தான் அழிக்கப்படும். தோல்வி என்றால் அங்கேயே கிடந்து அடுத்த பூட்டிலும் ஓடும். ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு பூட். நாளுக்கு இரண்டு மூன்று என்றால் ஒரு மாதத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, யூசிஐ ஆட் என்ற கட்டளை. அது பெயரில்லாத புதுப் பகுதி ஒன்றைச் சேர்க்கும். ஏற்கனவே இருக்கிறதா என்று பார்க்காது. யூசிஐ ஆட்_லிஸ்டும் அப்படியே; டிஎன்எஸ் சர்வர் பட்டியலில் ஒரே முகவரி நூறு தடவை நிற்பதற்கு அதுதான் காரணம்.

மருந்தும் இரண்டு. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி எப்போதும் எக்ஸிட் 0 (வெற்றியாக முடிந்தது என்று பொருள்) ஆக இருக்கட்டும். ஆனால் அது மட்டும் போதாது. விதிக்கு ஒரு பெயர் கொடுங்கள்: ஆட் என்பதை விட்டு, செட் கட்டளையில் ஃபயர்வால் புள்ளி காவடி_கேமரா என்று பெயரிட்டு அதை ரூல் என்று அறிவியுங்கள். பெயருள்ள பகுதியை நூறு தடவை செட் செய்தாலும் ஒன்றுதான் இருக்கும். அதற்கு முன் வரியில் அதே பெயரைச் சத்தமில்லாமல் டிலீட் செய்யும் கட்டளையையும் போட்டுவிட்டால், முன்பு மீந்த பழைய மதிப்புகளும் போய்விடும். பட்டியல் என்றால் முதலில் டெல்_லிஸ்ட், பிறகு ஆட்_லிஸ்ட். பெயரில் கழித்தல் குறி வைக்காதீர்கள். யூசிஐ பகுதிப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். மேலே தமிழில் எழுதியதை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்.

ஏற்கனவே பெருகிக் கிடப்பதைச் சுத்தம் செய்யும்போது பின்னாலிருந்து அழியுங்கள். முன்னாலிருந்து அழித்தால் எண்கள் ஒன்று ஒன்றாகக் கீழே இறங்கி, வேறு நல்ல விதி அழிந்துபோகும். கழித்தல் 1 என்ற எண் கடைசிப் பகுதியைக் குறிக்கும். அது பெருகிய விதிதானா என்று ஒவ்வொரு தடவையும் பெயரைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

ஒரே தடவை ஓட வேண்டியது மறுபடி ஓடவில்லையே

முன்னதற்கு நேர்மாறான புகார் இது. ரீசெட் செய்தேன், என் யூசிஐ-டிஃபால்ட்ஸ் ஸ்கிரிப்ட் திரும்ப ஓடவில்லை என்பார்கள். கையால் ஏற்றிய கோப்பு ஓவர்லேயில் இருந்தது; ரீசெட் ஓவர்லேயையே அழித்துவிட்டது. ரீசெட்டுக்குப் பிறகும் அது எழ வேண்டுமென்றால் இமேஜ் பில்டர் என்ற கருவியில் ஃபைல்ஸ் அடைவோடு சேர்த்து உங்கள் சொந்த இமேஜை (ரவுட்டரில் ஏற்றும் மென்பொருள் கோப்பை) கட்டி ஃபிளாஷ் செய்ய வேண்டும். ஒரே மாதிரி ரவுட்டர் இரண்டுக்கு மேல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்த உழைப்பு வீண்போகாது.

ரவுட்டர் எழுந்துவிட்டது, ஸ்கிரிப்ட் இணையம் இல்லை என்கிறது

கரண்ட் வந்ததும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒன்றாகத்தான் எழத் தொடங்குகின்றன. எங்கள் மண்டபத்தில் ரவுட்டர் முந்திக்கொள்கிறது. ஃபைபர் பெட்டியின் விளக்குகள் அதற்குப் பிறகுதான் நிலைக்கின்றன. ஆர்சி.லோக்கல் பூட்டின் கடைசியில் ஓடினாலும், லைன் வந்த பிறகு ஓடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

பலரும் ஸ்லீப் 60 என்று போடுகிறார்கள். பகல் முழுதும் அது சரியாகவே இருக்கும். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் வரும்போது எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒன்றாக முட்டிமோதும். அறுபது விநாடி அப்போது போதாது. லைன் வந்ததும் செய்ய வேண்டிய வேலையை லைன் வந்ததும் செய்யுங்கள். ஹாட்பிளக்.டிக்குள் ஐஃபேஸ் அடைவில் ஸ்கிரிப்ட்டை வைத்து, ஆக்ஷன் ஐஃப்அப் ஆகவும் இன்டர்ஃபேஸ் வான் (வெளி இணைய லைன்) ஆகவும் இருந்தால் மட்டும் தொடரும்படி எழுதுங்கள். ஐபிவி6க்கான வான்6 தனி இன்டர்ஃபேஸ், அதை ஒதுக்காவிட்டால் இரண்டு தடவை ஓடும். பிபிபிஓஈ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) லைன் அறுந்து மறுபடி ஒட்டும்போதும் இது ஓடும் என்பதால், மேலே சொன்ன பெயரிடும் முறை இங்கேயும் வேண்டும்.

வகுப்பு நேரத்துக்குச் செய்ய வேண்டியது வேறு நேரத்தில் நடக்கிறது

சனிக்கிழமை காலை மட்டும் திறக்கும்படி ஒரு வைஃபையை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் பகுதியில்) வைத்திருந்தேன். "தம்பி, வகுப்பு முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்குப் போன பிறகுதான்பா வைஃபை வருது" என்று டீச்சர் ஆன்ட்டி சொன்னார். நான்கு மணி நேரம் பிந்துகிறது என்பதே விடையைச் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்துக்கு 2 மணி முன்னால். ஆனால் டைம்சோன் சரத்தில் குறி தலைகீழ்: எஸ்ஏஎஸ்டி கழித்தல் 2 என்று எழுத வேண்டும். கூட்டல் 2 போட்டால் கடிகாரம் இரண்டு மணி பின்னால் போய்விடும், ஆக மொத்தம் நான்கு. இரண்டு மணி நேரம் பிந்தினால் டைம்சோனே வைக்கவில்லை என்று கொள்ளுங்கள். மாற்றிய பிறகு சிஸ்டத்தையும் கிரானையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்டர்நெட் இருக்கிறது, விபிஎன் மட்டும் மின்வெட்டுக்குப் பிறகு எழுவதில்லை

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. எழும்போது ஓப்பன்டபிள்யுஆர்டி ஈடிசி அடைவிலுள்ள கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டது எது என்று தேடி, அந்த நேரத்தையே இப்போதைய நேரமாக வைத்துக்கொள்ளும். நீங்கள் போன மாதம் கடைசியாக எதையாவது மாற்றியிருந்தால், ரவுட்டருக்கு இன்று போன மாதம்.

எங்கள் விபிஎன்னை, அதாவது இணையத்தின் ஊடே போகும் மறைகுறியிட்ட குழாயை, நடத்துவது வயர்கார்டு என்ற மென்பொருள். அதற்கு இதனால் என்ன? ஒவ்வொரு கைகுலுக்கலிலும் அது நேரமுத்திரை ஒன்றை அனுப்புகிறது. எதிர்முனை இதுவரை பார்த்ததில் பெரிய முத்திரையை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழையது வந்தால், பழைய பாக்கெட்டை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் தள்ளிவிடும். பாதுகாப்புக்காக வைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிகாரம் பின்னால் போன நம் ரவுட்டரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. பதில் எதுவும் வராததால் சாவி தப்பா, போர்ட் தப்பா என்று தேடிக்கொண்டே இருப்போம்.

என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தை வாங்கும் முறை) வந்து நேரத்தைச் சரிசெய்துவிடாதா? செய்யும், விபிஎன் வழியே எல்லாப் போக்குவரத்தையும் அனுப்பாதவரை. எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும் என்று அமைத்திருந்தால், என்டிபி பாக்கெட்டும் அந்த எழாத குழாய்க்குள்தான் போகும். நேரம் வராமல் குழாய் எழாது, குழாய் எழாமல் நேரம் வராது.

அவிழ்க்கும் வழி இது. நெட்வொர்க் கோப்பில் வயர்கார்டு இன்டர்ஃபேஸின் பகுதியில் ஆட்டோ என்பதை 0 ஆக்குங்கள். பூட்டில் அது தானாக எழாது. ஹாட்பிளக்.டிக்குள் என்டிபி என்ற அடைவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, ஆக்ஷன் ஸ்ட்ரேட்டம் என்று வரும்போது ஐஃப்அப் கட்டளையால் விபிஎன்னை எழுப்புங்கள். அது ஏற்கனவே எழுந்திருந்தால் விட்டுவிடும்படி ஒரு சோதனையும் வையுங்கள். நேரம் முதலில், குழாய் பிறகு. ஈடிசியில் ஒரு கோப்பை மணிக்கு ஒரு தடவை தொட்டுவைக்கும் தந்திரமும் உண்டு. அது நேரம் பின்னால் போவதைக் குறைக்குமே தவிர முழுதாகத் தீர்க்காது, ஏனென்றால் வயர்கார்டு கடைசியாகக் கைகுலுக்கிய நேரம் கடைசியாகத் தொட்ட நேரத்துக்குப் பிந்தியதாகவே இருக்கும்.

ஸ்கிரிப்ட்டில் எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து எதையாவது இறக்கும் வரி இருந்து, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழை வந்தால், அதற்கும் வேர் இந்தக் கடிகாரமே. சான்றிதழ் சோதனையை அணைத்துவிடாதீர்கள். ஸ்கிரிப்ட்டை என்டிபி அடைவுக்கு நகர்த்துங்கள்.

கடவுச்சொல் சரி, பிபிபிஓஈ மறுக்கிறது

ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்து, அதில் டாலர் குறி இருந்தால், ஆஷ் அதற்குப் பின் வரும் எழுத்துகளை மாறியின் பெயர் என்று நினைத்து விழுங்கிவிடும். யூசிஐ கெட் கேட்டு, சேமிக்கப்பட்டது முழுச் சொல்தானா என்று எழுத்தெண்ணிப் பாருங்கள். ஒற்றை மேற்கோள் போட்டால் தீர்ந்தது. கடவுச்சொல்லிலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால், சேவை தருபவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது எளிது.

எல்லாம் சரி, வைஃபை பெயரே தெரியவில்லை

புதிதாக நிறுவிய ஓப்பன்டபிள்யுஆர்டியில் வைஃபை அணைந்தேதான் இருக்கும். ரேடியோவின் டிசேபிள்ட் மதிப்பை 0 ஆக்கும் வரி ஸ்கிரிப்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டுக் குறியீடு தென்னாப்பிரிக்காவுக்கு இசட்ஏ.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு, இதை நான் எங்கும் படித்ததில்லை, பட்டுத்தான் அறிந்தேன். வைஃபை பெயருக்கு இடம் 32 பைட் மட்டுமே. 32 எழுத்து என்று நினைத்துவிடுகிறோம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும்; புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "தமிழ் வகுப்பு" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லில் 5 குறி, இரண்டாவதில் 7, ஆக 12 குறிக்கு 36 பைட், நடுவிலுள்ள இடைவெளிக்கு 1, மொத்தம் 37. செல்லாது. வைஃபையை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி அந்தப் பெயரை ஏற்காமல் நின்றுவிடும். கோப்பிலோ எல்லாம் சரியாகவே தெரியும். "தமிழ் அறை" என்றால் 8 குறிக்கு 24, இடைவெளிக்கு 1, மொத்தம் 25. இப்போது எங்கள் பெயர் அதுதான். பிள்ளைகள் ஃபோனைத் திறந்ததும் பட்டியலில் தமிழ் எழுத்தைப் பார்க்கிறார்கள். அதற்காகவே இந்தக் கணக்கைப் போடலாம். கடவுச்சொல்லை மட்டும் ஆங்கில விசைகளில் 8 முதல் 63 எழுத்துக்குள் வையுங்கள். 7 எழுத்து வைத்தாலும் இதே மாதிரி பேசாமல் நின்றுவிடும்.

கோப்பை மாற்றினேன், இப்போது ரவுட்டருக்குள்ளேயே போக முடியவில்லை

நெட்வொர்க் கோப்பில் ஒரு மேற்கோள் மூடாமல் போனால் அந்த ஒரு வரி மட்டும் கெடுவதில்லை. கோப்பு முழுவதும் படிக்கப்படாமல் போகும், எல்லா இன்டர்ஃபேஸும் காணாமல் போகும். ஆகவே கையால் திருத்தினால் ரீபூட்டுக்கு முன் யூசிஐ ஷோ நெட்வொர்க் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பிழை இருந்தால் எத்தனையாவது வரி, எத்தனையாவது பைட் என்று அதுவே சொல்லும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டால் ஃபெயில்சேஃப் (உங்கள் அமைப்புகளைப் படிக்காமல் எழும் அவசர நிலை) இருக்கிறது. லேப்டாப்பை லான் போர்ட்டில் கம்பியால் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று கையால் வையுங்கள். ரவுட்டரின் கரண்டைப் போட்டு, விளக்கு மின்னத் தொடங்கியதும் ரீசெட் பொத்தானைத் தட்டுங்கள், விளக்கு மின்னுவது வேகமெடுக்கும். 192.168.1.1க்கு எஸ்எஸ்எச்சில் (வலைவழியே கட்டளை அடிக்கும் முறையில்) ரூட் ஆகக் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம். உள்ளே மவுன்ட்_ரூட் அடித்தால் உங்கள் கோப்புகள் கண்ணுக்கு வரும். கெட்ட வரியைத் திருத்தி ரீபூட் செய்யுங்கள். ஒரே எச்சரிக்கை: ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு அதே பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். பூட்டின்போது தட்டுவது வேறு, எழுந்தபின் பிடிப்பது வேறு.

பதிப்பை உயர்த்திய பிறகு பாதி வேலை செய்யவில்லை

லான் போர்ட்கள் செத்துப்போனால், 19.07 காலத்து நெட்வொர்க் கோப்பை 21.02 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பில் போட்டீர்களா என்று பாருங்கள். 2021இல் வந்த 21.02இலிருந்து பல ரவுட்டர்களில் போர்ட்களைக் கையாள டிஎஸ்ஏ என்ற புது முறை வந்தது. ஐஎஃப்நேம் என்று இருந்தது டிவைஸ் ஆனது. பிரிட்ஜுக்குத் தனிப் பகுதி வந்தது. பழைய கோப்பைத் தட்டிக்கொட்டிப் பொருத்தாமல், புதிதாக உருவாகும் கோப்பை வைத்து அதில் உங்கள் மதிப்புகளை எழுதுங்கள். ஐபிடேபிள்ஸ் (பழைய ஃபயர்வால் கட்டளை) வரிகள் தோற்றால் காரணம் 2022இல் வந்த 22.03. அதிலிருந்து ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறிவிட்டது.

நீங்கள் வைத்த ஹாட்பிளக் ஸ்கிரிப்ட்களே மறைந்துவிட்டால், அவற்றின் பாதையை ஈடிசியிலுள்ள சிஸ்அப்கிரேட்.கான்ஃப் கோப்பில் எழுதவில்லை. உயர்த்தும் முன் சிஸ்அப்கிரேடைக் கழித்தல் எல் சேர்த்து அடித்தால், எவையெல்லாம் காப்பாற்றப்படும் என்று பட்டியல் வரும். அதில் இல்லாதது போய்விடும்.

கோப்பு காலியாகக் கிடக்கிறது. அல்லது ரவுட்டர் திரும்பத் திரும்ப விழுகிறது

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கோப்பு பூஜ்ய அளவில் மிஞ்சலாம். பூட்டிலேயே ஃபிளாஷில் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு இது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் திரும்பி வரும் கரண்ட் முதல் நிமிடத்தில் ஒருமுறை விட்டுவிட்டு வருவது இங்கே சகஜம். மாற்றம் ஏதும் இருந்தால் மட்டும் கமிட் செய்யும்படி எழுதுங்கள். சொந்தக் கோப்பு எழுதுவதானால் அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதி, சிங்க் அடித்து, பிறகு பெயர் மாற்றுங்கள்.

திரும்பத் திரும்ப விழுவது பெரும்பாலும் கோப்பின் குற்றமல்ல. மினி யுபிஎஸ்ஸில் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சேர்த்து மாட்டியிருந்தால், இரண்டின் ஆம்பியரையும் கூட்டி யுபிஎஸ் தருவதோடு ஒப்பிடுங்கள். ரவுட்டரின் அடியில் 9 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட் முனையைச் செருகக் கூடாது. அங்கே தப்பில்லை என்றால் மட்டும் ஆர்சி.லோக்கலில் ரீபூட் என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இணையம் இல்லாவிட்டால் ரீபூட் என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். ஃபைபர் பெட்டி எழுவதற்குள் அது ரவுட்டரைப் பலமுறை சாய்த்துவிடும்.

திருத்தியபின் சோதிக்க, ரீபூட் கட்டளை போதாது. அது ஃபைபர் பெட்டியைத் தொடுவதில்லை. சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்குங்கள். முதல் தடவை இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக. இரண்டாம் தடவை ரவுட்டரை மட்டும் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஃபைபர் பெட்டியைப் போடுங்கள். மூன்றாம் தடவை போட்டு ஐந்து விநாடியில் பிடுங்கி மறுபடி போடுங்கள். ஒவ்வொரு தடவையும் யூசிஐ ஷோ ஃபயர்வால் தரும் வரிகளை எண்ணி எழுதிவையுங்கள். மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.